280 வெள்ளி டின்னும் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும்

கேள்வி: புக்கிட் மெர்தாஜாமிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு வயது 59. இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் உண்டு. பெரிண்டோபிரில், அம்லோடிபின், அட்டோர்வாஸ்டாடின், ஆஸ்பிரின், மெட்ஃபோர்மின் சாப்பிடுகிறார். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஜி.டி.என். மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். சிகரெட் பாதியாகக் குறைத்துவிட்டார். போன மாதம் அவரோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்கு வந்து, நாக்கில் ஒரு தாளை வைத்துப் பார்த்து, "உங்களுக்கு நைட்ரிக் ஆக்சைடே இல்லை, இரத்தக்குழாய் காய்ந்து கிடக்கிறது" என்றார். பிறகு ஒரு பவுடரைக் கலக்கிக் குடிக்க வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தாளை வைத்தார், நன்றாகச் சிவந்தது. நோபல் பரிசு வாங்கிய கண்டுபிடிப்பாம், மூன்று மாதம் குடித்தால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடலாமாம். டின் 280 வெள்ளி. லேபிளில் எல்-ஆர்ஜினின் 5 கிராம், பீட்ரூட் தூள் என்று போட்டிருக்கிறது. அவர் ஒன்று வாங்கிவிட்டார், இன்னும் திறக்கவில்லை. இது நல்லதா? பீட்ரூட் ஜூஸை வீட்டிலேயே போட்டுக் கொடுத்தால் போதாதா? நானும் குடிக்கலாமா, எனக்கு 55 வயது. மற்றபடி அவர் சாப்பாட்டில் கட்டுப்பாடாகத்தான் இருக்கிறார், சாயங்காலம் கடையில் நண்பர்களோடு ஏதோ ஆண்களுக்கான சக்திக் கோப்பி மட்டும் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை குடிப்பார்.

பதில்:

அக்கா, கடிதம் முழுக்கப் பவுடரைப் பற்றி எழுதிவிட்டுக் கடைசி வரியில் போகிற போக்கில் ஒரு கோப்பியைச் சொல்லியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும்தான் எனக்குப் பகீரென்றது. பவுடர் இன்னும் திறக்கப்படவில்லை, அது காத்திருக்கும். கோப்பியை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

நான் ஜார்ஜ்டவுனில் மருந்தகம் நடத்தும் மருந்தாளர், டாக்டர் இல்லை. அண்ணனின் மருந்தை மாற்றுவதோ நிறுத்துவதோ அவருடைய டாக்டர் வேலை. ஆனால் எந்த மருந்து எதோடு சேரக்கூடாது என்று பார்ப்பது என் வேலை. அந்த ஜி.டி.என். மாத்திரையும் அந்த மாதிரிக் கோப்பியும் சேரவே கூடாது.

காரணம் இதுதான். கோப்பி ஜந்தான், தொங்காட் அலி கோப்பி என்று பாக்கெட்டில் விற்கும் ஆண்மைக் கோப்பிகளில் பலவற்றைச் சுகாதார அமைச்சு சோதித்தபோது, சில்டெனாஃபில், தடாலாஃபில் போன்ற ஆண்மைக் குறைவுக்கான மருந்துகளை லேபிளில் சொல்லாமல் கலந்திருந்தது திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. டாக்டர் சீட்டு இருந்தால்தான் நான் கொடுக்கக்கூடிய மருந்துகள் இவை. எல்லாப் பாக்கெட்டிலும் இருக்கும் என்று சொல்லவில்லை. எதில் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது குடிக்கிறவருக்கும் தெரியாது, விற்கிற ஒட்டுக்கடைக்காரருக்கும் தெரியாது என்பதுதான் பிரச்சினை. ஜி.டி.என். மாத்திரை இரத்தக்குழாயைத் தளர்த்தி விரிக்கும். அப்படித் தளர்வதற்காகக் குழாயின் தசைக்குள் உண்டாகும் ஒரு இரசாயனத் தூதுப்பொருளை உடம்பு வழக்கமாகச் சீக்கிரமே உடைத்துப் போட்டுவிடும். சில்டெனாஃபில் அதை உடைய விடாது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் இரத்த அழுத்தம் தடாலென்று இறங்கி ஆள் மயங்கி விழலாம், ஏற்கனவே அடைப்பு இருக்கும் இதயத்துக்கு இரத்தம் போகாமல் உயிருக்கே ஆபத்தாகலாம். சில்டெனாஃபில் சாப்பிட்டால் 24 மணி நேரத்துக்கும் தடாலாஃபில் சாப்பிட்டால் 48 மணி நேரத்துக்கும் ஜி.டி.என். வைக்கக்கூடாது என்பது விதி. கோப்பியில் எது இருக்கிறது என்று தெரியாததால் 48 மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் நெஞ்சுவலி வந்தால் மாத்திரையை வைக்காமல் உடனே 999-ஐக் கூப்பிட்டு, வருகிறவர்களிடம் "இந்தக் கோப்பி குடித்தார்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட வேண்டாம், அவர்கள் இதைத் தினமும் கேட்கிறவர்கள். முடிந்தால் பாக்கெட்டையும் கையில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அண்ணனிடம் நீங்கள் தனியாகப் பேசும்போது சொல்லுங்கள். நண்பர்கள் குடிக்கிறார்கள் என்று சும்மா குடிக்கிறாரா, இல்லை அந்தத் தேவை இருந்து குடிக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. தேவை இருந்தால் அதில் கேவலம் ஒன்றுமில்லை. இனிப்பு நீர் இருக்கும் ஆண்களுக்கு இது ரொம்பச் சாதாரணம். இதய நோய் வெளியே தெரிவதற்குச் சில வருடங்கள் முன்னாலேயே இந்தக் குறைதான் முதலில் தலைகாட்டும் என்பதும் டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம். அங்கே ஓடும் குழாய்கள் சிறியவை, அதனால் அடைப்பும் தளராத தன்மையும் அங்கேதான் முதலில் தெரியும். கிளினிக்கில் டாக்டரிடம் கேட்டால் இவருக்கு எது சரிப்படும், எது ஆகாது என்று பார்த்துச் சொல்வார். கோப்பிக்கடையில் பாக்கெட்டைக் கிழித்து ஊற்றுகிறவர் அதைச் சொல்ல மாட்டார்.

சரி, இப்போது நைட்ரிக் ஆக்சைடு.

வீட்டுக்கு வந்தவர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் இந்த மாதிரி வியாபாரம் நன்றாகப் போகிறது, முழுப் பொய்யாக இருந்தால் யாரும் 280 வெள்ளி எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். நம் இரத்தக்குழாய்கள் எல்லாவற்றுக்கும் உள்பக்கம் ஒரே ஒரு செல் கனத்தில் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. எண்டோதீலியம் என்பார்கள். ரொம்ப காலம் அதை வெறும் உறை என்றுதான் நினைத்திருந்தார்கள். நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் என்பவர் முயலின் பெருந்தமனியை வெட்டி எடுத்து அதில் மருந்துகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். தளர வேண்டிய தமனி அவர் ஆய்வுக்கூடத்தில் எப்போதும் இறுகிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை மட்டும் தளர்ந்தது. ஏன் என்று குடைந்து பார்த்தால், துண்டு வெட்டும்போது உள்பக்கத்தைத் தேய்த்துவிட்டால் அந்தப் படலம் போய்விடுகிறது, படலம் போனால் தமனி தளர்வதில்லை. அப்படியென்றால் படலத்திலிருந்து ஏதோ ஒன்று வெளியே வந்து தசைக்குத் "தளர்" என்று சொல்கிறது. இதை 1980-இல் வெளியிட்டார். அந்த "ஏதோ ஒன்று" என்ன என்று கண்டுபிடிக்க மேலும் சில வருடங்கள் ஆயின. 1986-இல் ஃபர்ச்காட்டும் லூயிஸ் இக்னாரோவும் தனித்தனியாக அது நைட்ரிக் ஆக்சைடு வாயுதான் என்றார்கள், அடுத்த வருடம் லண்டனில் சால்வடோர் மொன்காடாவின் குழு அதை அளந்தே காட்டியது. கார் புகையில் வரும் அதே வாயு, உடம்புக்குள் தூதுவேலை பார்க்கிறது என்பதை அப்போது பலரால் நம்பவே முடியவில்லை. ஃபர்ச்காட், இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. மொன்காடாவின் பெயர் அதில் விட்டுப்போனது எனக்கு இன்னும் ஆதங்கம்தான், அது வேறு கதை.

இந்த வாயு உடம்பில் சேமித்து வைக்கப்படுவதில்லை. சில நொடிகள்தான் அதற்கு ஆயுள். இரத்தம் ஓடும் வேகத்தில் படலம் உரசப்படும்போது அந்த இடத்திலேயே உண்டாகி, பக்கத்திலிருக்கும் தசையைத் தளர்த்திவிட்டுக் காணாமல் போய்விடும். குழாய் விரியும், அழுத்தம் குறையும். இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதையும் இது தடுக்கிறது. ஆகவே "டின்னில் நைட்ரிக் ஆக்சைடு" என்று ஒன்று கிடையாது, இருக்கவும் முடியாது. டின்னில் இருப்பது அதைச் செய்ய உடம்பு பயன்படுத்தும் மூலப்பொருள்.

ஃபெரிட் முராட் என்று ஒருவரைச் சொன்னேனே, அவர் 1977-இல் கண்டுபிடித்ததுதான் உங்கள் வீட்டுக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. நைட்ரோகிளிசரின் உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடைத்தான் வெளியிடுகிறது என்று அவர் காட்டினார். நைட்ரோகிளிசரின் என்பதுதான் ஜி.டி.என். அண்ணன் சட்டைப் பையில் இருக்கும் அந்தச் சின்ன மாத்திரை. நெஞ்சுவலிக்கு அது வேலை செய்கிறது என்பது 1879-இலிருந்தே டாக்டர்களுக்குத் தெரியும், ஏன் வேலை செய்கிறது என்றுதான் நூறு வருடம் தெரியவில்லை. வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் இதே பொருளைக் கையாண்ட தொழிலாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் மண்டை பிளக்கிற தலைவலி வரும், குழாய்கள் விரிவதால் வருவது அது. டைனமைட் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதய நோய்க்கு டாக்டர்கள் இதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள், விதியின் வேடிக்கை என்று அவரே ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறார். நோபல் பரிசு வாங்கிய நைட்ரிக் ஆக்சைடு வேண்டும் என்றால் அது உங்கள் வீட்டில் ஏற்கனவே இருக்கிறது, அக்கா. கிளினிக்கில் ஒரு வெள்ளி பதிவுக் கட்டணத்தோடு கிடைத்தது.

ஆனால் அதை எப்படி வைத்திருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. என் மருந்தகத்துக்கு வருகிறவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் அந்தப் பழுப்புக் கண்ணாடிக் குப்பியிலிருந்து மாத்திரைகளை எடுத்து, திங்கள் செவ்வாய் என்று கட்டம் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் போட்டிருப்பார்கள். தப்பு. பிளாஸ்டிக்கிலும் பஞ்சிலும் மருந்து ஊறிப்போய்விடும், வெளிச்சத்திலும் சூட்டிலும் வீரியம் போய்விடும். வந்த குப்பியிலேயே, மூடியை இறுக்கி மூடி வைக்க வேண்டும். கார் டேஷ்போர்டில் வைக்கக்கூடாது, நம் ஊர் வெயிலில் கார் உள்ளே என்ன சூடு என்று உங்களுக்கே தெரியும். திறந்த தேதியைக் குப்பியில் பேனாவால் எழுதுங்கள், 8 வாரம் ஆனதும் ஒரு மாத்திரை கூடப் பயன்படுத்தாமல் இருந்தாலும் புதுக் குப்பி வாங்கிக்கொள்ளுங்கள். வலி வந்தால் நின்றபடி வைக்கக்கூடாது, உட்கார்ந்துகொண்டு ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும், விழுங்கக்கூடாது. விழுங்கினால் கல்லீரலே பெரும்பகுதியை உடைத்துவிடும். 5 நிமிடத்தில் வலி குறையவில்லை, இல்லை கூடுகிறது என்றால் 999. ஆம்புலன்ஸ் வரும்வரை 5 நிமிட இடைவெளியில் இரண்டாவது, மூன்றாவது வைக்கலாம், மொத்தம் மூன்றுக்கு மேல் போகக்கூடாது. தலைவலி வந்தால் பயப்பட வேண்டாம். வாயுத் தொல்லை என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்கும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறதே, அது மட்டும் வேண்டாம்.

அந்த நாக்குத் தாளுக்கு வருவோம். அது மந்திரமில்லை, பொய்யும் இல்லை, ஆனால் அது சொல்வது வேறு. அந்தத் தாள் அளப்பது எச்சிலில் உள்ள நைட்ரைட்டை. கீரையிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட் நிறைய இருக்கிறது. அதைச் சாப்பிட்டதும் அது இரத்தத்தில் கலக்கிறது, அதில் கால்பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் இழுத்து எச்சிலில் விடுகின்றன, நாக்கின் பின்பகுதியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதை நாம் விழுங்கினால் வயிற்றிலும் இரத்தத்திலும் கொஞ்சம் நைட்ரிக் ஆக்சைடாக மாறுகிறது. இது படலம் செய்யும் வேலைக்குத் துணையாக உடம்பு வைத்திருக்கும் இரண்டாவது வழி. ஆக, தாள் வெளுத்திருந்தால் அண்ணன் அன்று காலையில் ரொட்டி சானாய் பசியாறியிருப்பார், கீரை சாப்பிடவில்லை என்றுதான் அர்த்தம். இரத்தக்குழாய் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பீட்ரூட் தூள் கலந்த பவுடரைக் குடித்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சிவக்காமல் என்ன செய்யும்? ஒரு தட்டு பாயாம் கீரைப் பொரியலைச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் பொறுத்து அதே தாளை வைக்கச் சொல்லுங்கள், இரண்டு வெள்ளிக் கட்டுக்கும் தாள் சிவக்கும். அடுத்த தடவை அவர் வரும்போது நீங்களே செய்து காட்டலாம், முகத்தைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

இதில் ஒரு சின்ன விஷயம். அண்ணன் கிருமி கொல்லும் மவுத்வாஷால் தினமும் இரண்டு வேளை கொப்பளிக்கிறவரா? குளோர்ஹெக்சிடின் உள்ள மவுத்வாஷ் அந்த நாக்குப் பாக்டீரியாக்களையும் கொன்றுவிடும். ஆரோக்கியமானவர்களிடம் செய்த ஒரு சின்ன ஆய்விலேயே ஒரு வாரத்தில் பிரஷர் 2, 3 புள்ளி ஏறியது. பல் டாக்டர் ஈறு நோய்க்கு எழுதிக் கொடுத்திருந்தால் அவர் சொன்ன நாள்வரை கட்டாயம் பயன்படுத்த வேண்டும், வாய் மணக்க வேண்டும் என்பதற்காக வருடக்கணக்கில் வேண்டியதில்லை.

பவுடரில் உள்ள முக்கியப் பொருள் எல்-ஆர்ஜினின். அமினோ அமிலம், மீனிலும் கோழியிலும் பருப்பிலும் கச்சானிலும் இருப்பதுதான். படலத்தில் உள்ள நொதி இதையும் ஆக்சிஜனையும் சேர்த்துத்தான் நைட்ரிக் ஆக்சைடைச் செய்கிறது. அப்படியானால் ஆர்ஜினின் கூடுதலாகக் கொடுத்தால் வாயுவும் கூடுமே என்று தோன்றும். ஆனால் இனிப்பு நீர், சிகரெட், கொலஸ்ட்ரால் இருப்பவர்களுக்குக் குறைவது ஆர்ஜினின் இல்லை, படலமே கெட்டுப்போயிருக்கிறது. அடுப்பு எரியாத வீட்டில் இன்னொரு மூட்டை அரிசி இறக்குகிற மாதிரிதான் அது. அதோடு வாயால் சாப்பிடும் ஆர்ஜினினில் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் வழியிலேயே உடைத்துவிடும். சின்னச் சின்ன ஆய்வுகளில் பிரஷர் நாலைந்து புள்ளி குறைந்ததும் உண்டு, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அண்ணன் மாதிரி இதய நோயாளிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மாரடைப்பு வந்து பிழைத்த 153 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்குத் தினமும் மூன்று வேளை 3 கிராம் ஆர்ஜினினும் மீதிப் பேருக்கு வெறும் போலி மருந்தும் கொடுத்து ஆறு மாதம் பார்ப்பதாக அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது, 2006-இல் வெளிவந்தது. குழாயின் விறைப்பும் குறையவில்லை, இதயம் இரத்தத்தைத் தள்ளும் திறனும் கூடவில்லை. ஆர்ஜினின் சாப்பிட்டவர்களில் 6 பேர் இறந்தார்கள், போலி மருந்து சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. பாதியிலேயே ஆய்வை நிறுத்தினார்கள். ஆறு மரணத்துக்கும் ஆர்ஜினின்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல எண்ணிக்கை சிறியது. ஆனால் மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். இதைத் தெரிந்த பிறகு ஸ்டென்ட் வைத்தவருக்கு இந்த டின்னை என் கையால் எடுத்துக் கொடுக்க மாட்டேன். டின்னைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

நோபல் வாங்கிய இக்னாரோவே பிற்காலத்தில் ஓர் ஊட்டச்சத்து நிறுவனத்தோடு சேர்ந்து இந்த மாதிரிப் பொருளுக்குத் துணைநின்றார், அதை வைத்துத்தான் "நோபல் பவுடர்" பேச்சு ஊரெல்லாம் சுற்றுகிறது. பரிசு கொடுத்தது குழாய் எப்படித் தளர்கிறது என்ற கண்டுபிடிப்புக்கு. எந்த டின்னுக்கும் யாரும் நோபல் கொடுக்கவில்லை.

பிரஷர் மாத்திரையை நிறுத்தலாம் என்ற பேச்சுதான் எனக்குக் கோபம் வருவது. அண்ணன் சாப்பிடும் பெரிண்டோபிரில் என்ன செய்கிறது தெரியுமா? பிராடிகைனின் என்ற பொருள் உடையாமல் பார்த்துக்கொள்கிறது, அந்தப் பொருள் படலத்தைத் தூண்டி நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க வைக்கிறது. சிலருக்கு அந்த மாத்திரையால் வறட்டு இருமல் வருவதும் அதே பிராடிகைனினால்தான். அட்டோர்வாஸ்டாடின் கொலஸ்ட்ராலைக் குறைப்பதோடு, படலத்தில் நைட்ரிக் ஆக்சைடு செய்யும் நொதியையும் கூட்டுகிறது. அம்லோடிபின் வேறு வழியில் குழாயை விரிக்கிறது. ஆக, நைட்ரிக் ஆக்சைடுக்காக மாத்திரையை நிறுத்துவது என்பது, கூட்டிக்கொண்டிருக்கும் பெரிண்டோபிரிலைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டுமா கூட்டாதா என்று தெரியாத ஒன்றைக் கையில் எடுப்பது. இதய நோய், இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர் உட்பட 20 நோய்களைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதையே 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் நம் நாட்டில் தடுக்கிறது. டின்னில் சுகாதார அமைச்சின் பதிவு எண்ணான மால் (MAL) எண் இருக்கிறதா என்று பாருங்கள், இலக்கங்களுக்கு அடுத்து வரும் எழுத்து 'என்' என்றால் ஊட்டச்சத்துப் பொருளாகப் பதிவானது, 'டி' என்றால் பாரம்பரிய மருந்து. பதிவாகியிருக்கிறது என்றால் நோயைக் குணப்படுத்தும் என்று அரசாங்கம் சான்றிதழ் கொடுத்ததாக அர்த்தமில்லை. மால் எண்ணே இல்லை என்றால் வாயில் வைக்கவே வேண்டாம்.

பீட்ரூட் ஜூஸ் வீட்டில் போட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். இதில் கொஞ்சம் நல்ல செய்தி இருக்கிறது. லண்டனில் இரத்தக் கொதிப்புள்ள 68 பேரை வைத்து நடத்திய ஆய்வில் தினமும் 250 மில்லி பீட்ரூட் ஜூஸ் நாலு வாரம் குடித்தவர்களுக்கு மேல் எண் ஏறக்குறைய 8 புள்ளி குறைந்தது, நிறுத்தியதும் பழையபடி ஏறியது. மோசமில்லை. ஆனால் அண்ணனுக்கு இனிப்பு நீர் இருக்கிறது, ஜூஸில் நாரை எடுத்துவிட்டால் சர்க்கரை சட்டென்று ஏறும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றும் தெரிய வேண்டும், பீட்ரூட்டிலும் கீரையிலும் பொட்டாசியம் அதிகம், பெரிண்டோபிரிலும் பொட்டாசியத்தை ஏற்றும். கடைசி இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் பொட்டாசியமும் சரியாக இருந்ததா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு, சரி என்றால் ஜூஸுக்குப் பதில் பீட்ரூட் பொரியலாகவோ, பாயாம், சாவி கீரையாகவோ தினம் ஒரு வேளை தட்டில் வையுங்கள். நிறையத் தண்ணீரில் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் நைட்ரேட்டும் அதோடு போய்விடும், கொஞ்சம் எண்ணெயில் வதக்கினால் போதும். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவந்தால் பதறி ஓடி வராதீர்கள்.

படலத்தைத் தேற்றுவதில் எனக்குத் தெரிந்து நடைக்கு ஈடாக எதுவும் இல்லை. நடக்கும்போது இரத்தம் வேகமாக ஓடும், படலத்தை உரசும், அந்த உரசல்தான் நொதியை முடுக்குகிறது. பல வாரம் தொடர்ந்து நடந்தால் நொதியின் அளவே கூடுகிறது. உங்கள் ஊரில் செரோக் தோக்குன் இருக்கிறது, பலர் பொறாமைப்படுகிற இடம். ஆனால் முதல் நாளே மலை ஏறச் சொல்லாதீர்கள், கீழே சமதரையில் அரை மணி நேரம், பேச முடிகிற அளவு வேகம், சட்டைப் பையில் ஜி.டி.என். குப்பி. நடக்கும்போது நெஞ்சு இறுகினால் அது டாக்டருக்கு உடனே சொல்ல வேண்டிய விஷயம்.

சிகரெட் "பாதியாகக் குறைத்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிக்கு நான் பாராட்டு சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு சிகரெட்டின் புகையும் படலத்தில் உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடை அங்கேயே அழித்துவிடுகிறது, அதுவும் போதாதென்று அழிந்ததிலிருந்து வேறொரு நச்சுப்பொருளும் உண்டாகிறது. ஒரு நாளைக்கு நாலைந்து பிடிப்பவருக்கும் மாரடைப்பு ஆபத்து பாதியாவதில்லை, நினைப்பதைவிட அதிகமாகவே மிஞ்சுகிறது. அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தானில் சிகரெட் விடுவதற்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள், அடுத்த அப்பாயின்ட்மென்டிலேயே கேளுங்கள். 280 வெள்ளியை இதய நலத்துக்குச் செலவழிக்கத் தயாராக இருப்பவர் இதைக் கேட்காமல் இருக்கக்கூடாது.

நீங்கள் குடிக்கலாமா என்று கேட்டதற்கு வருகிறேன். குடிக்க வேண்டாம், ஆனால் கேள்வி நியாயமானது. ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் வரை பெண்களின் படலம் கூடுதலாக நைட்ரிக் ஆக்சைடு சுரக்கும், மாதவிடாய் நின்ற பிறகு அந்தத் துணை போய்விடும், அதுவரை நன்றாக இருந்த பிரஷர் ஐம்பதுக்கு மேல் ஏறத் தொடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் வயது வந்த இந்தியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தது. வீட்டுக்காரரின் ஐந்து மாத்திரையின் பெயரையும் பிழையில்லாமல் எழுதிய நீங்கள் உங்கள் பிரஷர் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று ஒரு எண்கூட எழுதவில்லை. கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அண்ணனின் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்கு நீங்களும் வெறும் வயிற்றோடு போய், உங்களுக்கும் ஒரு கார்டு போட்டு, சர்க்கரை, கொலஸ்ட்ரால், பிரஷர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். பெண்களுக்கு, அதிலும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு, மாரடைப்பு நெஞ்சுவலியாக வராமல் மூச்சு வாங்கல், தாடை வலி, முதுகு வலி, காரணமில்லாத அசதி என்று வருவதும் உண்டு. அப்படி ஏதாவது இப்போதே இருந்தால் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். கிளினிக்குக்குப் போகும்போது, இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்றால் பவுடர் டின், கோப்பிப் பாக்கெட், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே இருக்கும் மருந்தாளரிடம் கொட்டிக் காட்டினால் அவர் பிரித்துச் சொல்வார்.